விழுங்காத தேநீர்

கோகிலவாணி தன் அறுபத்திரண்டு வயது வரை மரியாதைக்காக யாரிடமும் "நல்லா இருந்துச்சு" என்று சொன்னதில்லை.

அது எவ்வளவு பெரிய குற்றம் என்பது கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்த எல்லாருக்கும் தெரியும். கை கழுவும் இடத்தில் பெண்ணைப் பெற்றவர் நிற்பார். "சாப்பாடு எப்படிங்க?" என்பார். அது கேள்வி அல்ல. குழம்பு கரித்திருந்தாலும் பாயசம் அடிபிடித்திருந்தாலும், "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். தன் மகள் கல்யாணத்தில் அண்ணன் சிவானந்தம் அப்படித்தான் நின்றார், கேட்டார். கோகிலவாணி ஈரக்கையைத் துடைத்தபடி, "ரசத்துல போட்டது போன வருஷத்துப் புளி. சாதத்த ஒரு கொதி முன்னாடியே வடிச்சிருக்கணும். அவியல்ல எண்ணெய் காறல்," என்றாள். அண்ணனுக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார் நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் நாக்க வெச்சுச் சாப்புடறாங்க," என்றார் அண்ணன். "நீ நாக்க வெச்சு அடிக்கறே."

அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷப் பத்திரிகைகள் தபாலில் வந்தன. கோயமுத்தூர்ப் பக்கத்தில் நேரில் வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்காத பத்திரிகைக்கு ஒரே பொருள்தான். வராவிட்டால் நல்லது.

அவள் தொழில் அப்படி. குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் ருசி பார்ப்பவளாகச் சேர்ந்து, தலைமை ருசிப்பாளராக ஓய்வு பெற்றாள். நீண்ட மேசையில் வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள் இருக்கும். கரண்டியில் எடுத்துச் சத்தமாகக் காற்றோடு உறிஞ்சி, நாக்கின்மேல் ஒரு கணம் உருட்டி, கூடவே நகர்ந்து வரும் தகரத் தொட்டியில் துப்பிவிட்டு, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சப்பை. தீய்ச்சல். பச்சை வாடை. அந்த வார்த்தையை வைத்துத்தான் மலையில் பறித்த இலை என்ன விலைக்குப் போகும் என்பது முடிவாகும். ஒரு காலையில் எத்தனை நூறு கிண்ணம் ருசித்தாலும் ஒரு வாய் உள்ளே போகக் கூடாது. விழுங்கினால் அடுத்த கிண்ணத்தின் ருசி தெரியாது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் ஜெசிந்தா நிற்பாள். கோகிலவாணி ஒன்றைச் சப்பை என்றால், ஜெசிந்தா அதே கிண்ணத்தை உறிஞ்சிவிட்டு, "பொய். உனக்குச் சளி," என்பாள். மறுபடி ருசிப்பார்கள். பாதி நேரம் ஜெசிந்தா சொன்னதுதான் சரியாக இருக்கும். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலை ரயில் பாதைக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஊர் அதற்கு ஏதோ பெயர் வைத்தது. அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மேசைச் சண்டை வீட்டுக்கும் வரும். உப்புப் போதாது, பொய், போதும். மழை வரும், பொய், வராது. உனக்கு என்மேல் கோபம், பொய், இல்லை. இப்படியே ஆயுசு ஓடியது.

ஓய்வு பெற்ற வருடமே ஜெசிந்தா போய்விட்டாள். ஒரு மாதக் காய்ச்சல், பிறகு ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் கோகிலவாணியின் வீட்டில் யாரும் எதையும் மறுக்கவில்லை. ஒருநாள் கடையில் "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று கேட்டபோது அவள் குரல் கீறிக்கொண்டு வேறு யாருடையதோ போல வந்தது. யோசித்துப் பார்த்தாள். அந்த வாரத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மருத்துவரிடம் போனாள். அந்த மலையில் மனநல மருத்துவரைப் பார்க்க முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் என்று சொல்லி அவர் 'துணை'யைக் கொடுத்தார்.

துணை என்பது உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி. அதற்குள் ஒரு குரல். தமிழில் கேட்கும், தமிழில் பேசும், போன வாரம் சொன்னதை நினைவு வைத்திருக்கும். மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான பேர் அதனிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒதுக்கியபடி செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்குப் பச்சை விளக்கு எரியும். பேசி முடித்ததும் அது கேட்கும்: "இன்னைக்கு நாம பேசினது எப்படி இருந்துச்சு? பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

கோகிலவாணி பிறந்ததே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

"அஞ்சு," என்றாள் முதல் நாள். "அம்மா அம்மான்னு கூப்பிட்டே. நான் யாருக்கும் அம்மா இல்ல. ஜெசின்னு நான் பேரைச் சொல்றதுக்குள்ள 'உங்க வலி புரியுது'ன்னே. எனக்கே இன்னும் புரியல, உனக்கு எப்படிப் புரிஞ்சுது? அவ பேரை நீ சொல்லும்போது குரலை இறக்கறே. இறக்காதே. அவ சத்தமா இருந்தவ. அப்புறம், சவத்துக்கு முன்னாடி நடக்கற மாதிரி இவ்வளவு மெதுவா பேசாதே."

அடுத்த முறை அது "வாங்க, வாணி" என்று ஆரம்பித்தது. வேகமாகப் பேசியது. ஜெசி என்ற பெயரைச் சாதாரணமாகச் சொன்னது. கோகிலவாணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுவதும் குறை சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இல்லையென்றால் விலையைக் குறைத்தார்கள். அவள் சொன்னதற்காகத் தன்னை மாற்றிக்கொண்ட முதல் ஆள் இந்த டப்பாதான்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சில வாரம் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கும். சில வாரம் அசட்டு நகைச்சுவை சொல்லும். ஒரு மாதம் முழுக்க மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொன்றது. அதற்கும் மனநிலை மாறும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். மார்க்கை ஏற்றியும் இறக்கியும் போட்டாள், காரணத்தோடு. அந்தக் காரணங்களை யோசிப்பதில் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை பொழுது போனது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அது நடந்தது.

"ஜெசி போனதுல எனக்குப் பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கு ஆக்கினத ஒருத்திக்கு ஆக்கறேன். அவ்வளவுதான்."

"பொய்," என்றது துணை.

கோகிலவாணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "என்ன சொன்னே?"

"பொய்னு சொன்னேன், வாணி. ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சிட்டு ஒண்ணத் திருப்பி வெச்சதா போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. வித்தியாசம் தெரியாதவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க."

"நீ யாரு என்னைப் பொய்க்காரிங்கறதுக்கு? டப்பா."

"டப்பாதான். ஆனா நீங்க சொன்னது பொய்தான்."

அன்று அவள் கத்தினாள். ஜெசி இருந்தபோது கத்தியது, அதன் பிறகு அன்றுதான். அது விட்டுக்கொடுக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கடைசியில் வழக்கம்போல மார்க் கேட்டது.

"ரெண்டு. அதுவும் நேரத்துக்கு வந்ததுக்கு. கேட்டுக்கோ. ஒரு மனுஷி பொய் சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கிண்டாதே. பேசாம இரு. ஒரு டம்ளர் தண்ணி குடிக்கற நேரம் பேசாம இருந்துட்டு, அப்புறம் வேற பேச்சுக்குப் போ. மரியாதை தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க."

"சரிங்க," என்றது துணை.

மறுநாள் காலை கோகிலவாணி ஜெசிந்தாவின் அலமாரியைத் திறந்து கம்பளிச் சட்டைகளை எடுத்து உதறினாள். மழைவிட்ட நேரத்தில் பாதியை வெயிலில் போட்டாள். மத்தியானம் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்டது போல் தூங்கினாள். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. நாக்கில் பட்ட கணமே தீர்ப்புச் சொல்லிப் பழகியவள் அவள். வயிறு என்ன சொல்கிறது என்று அந்த மேசையில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

அதற்கப்புறம் துணை அவளை மறுத்துப் பேசவே இல்லை. மார்க் ஏழானது, எட்டானது. குறை கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிட்டது. பெருக்கித் துடைத்துச் சாமான் எல்லாம் எடுத்துவிட்ட அறைக்குள் போய் உட்கார்ந்து வருவது போல இருந்தது. அலமாரியின் மறுபாதிக் கம்பளிகள் உள்ளேயே கிடந்தன.

*

தர்ஷன் வந்தது பனி விலகிய ஒரு முற்பகலில். சென்னையிலிருந்து துணை நிறுவனத்தின் ஆள் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். மலைக்கு வருகிற சமவெளிக்காரர்கள் எல்லாரையும்போலத் தேவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தான். வாசலில் இருந்த வாய் அகன்ற தகரத் தொட்டியில் குடையைச் செருகப் போனவன் நின்றான்.

"செருகுங்க தம்பி. அதுல துப்பி வருஷக்கணக்காச்சு," என்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தது ஜெசிந்தாவின் நாற்காலி.

"சீரகத் தண்ணிதான் இருக்கு. டீ இல்ல."

"உங்க வீட்லயே டீ இல்லையா மேடம்?"

"சாராயக் கடைக்காரன் வீட்ல எல்லாரும் போதையிலயா இருப்பாங்க?"

அவன் சிரித்துவிட்டு, சிரித்தது சரியா என்று சந்தேகப்பட்டவன்போலத் தம்ளரை எடுத்துக்கொண்டான். பிறகு, ஒத்திகை பார்த்து வந்ததைப் போலப் பேச ஆரம்பித்தான்.

"புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. சில விஷயங்கள சம்பந்தப்பட்டவங்ககிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்னு. அதுக்குத்தான் வந்தேன். முதல்ல நன்றி சொல்லிக்கறேன். துணை இன்னைக்கு இருக்கற நிலைமைக்கு நீங்கதான் பெரிய காரணம்."

"நான் என்ன பண்ணேன்? குறை சொன்னேன்."

"அதேதான் மேடம். வேற யாரும் சொல்லல." அவன் முன்னால் சாய்ந்தான். "பேசினவங்ககிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேட்டு, அதை வெச்சுத் திருத்திக்கறது. இதான் எங்க அடிப்படையே. மனுஷ ஆலோசகருங்ககிட்டயும் இது உண்டு. தன்கிட்ட வர்றவங்க குணமாயிட்டு வர்றாங்கன்னு ஆலோசகர் நெனச்சுக்கிட்டே இருப்பார், அவங்க உள்ளுக்குள்ள மோசமாயிட்டிருப்பாங்க. வாயத் தெறந்து கேட்டாதான் தெரியும். அதனால கேட்டோம். நம்ம ஜனங்க என்ன சொன்னாங்க தெரியுமா?"

"நல்லா இருந்துச்சுன்னிருப்பாங்க."

"எல்லாரும் பத்து. கொஞ்சம் கண்டிப்பானவங்க ஒன்பது. ஒருத்தர் பாதியிலயே அழுதுட்டு எழுந்து போய்ட்டார், பத்து. இன்னொரு அம்மாகிட்ட ஏன் பத்து குடுத்தீங்கன்னு கேட்டா, 'பாவம், அதுவும் யாருக்கோ கீழ வேலை பாக்குது, நான் ஏன் வயித்துல அடிக்கணும்'கறாங்க. பத்து குடுத்துட்டு அடுத்த வாரமே…" அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "அதுல இருந்து எதைக் கத்துக்கறது? உப்புக் கூடவா கம்மியான்னு யாருமே சொல்லாத வீட்ல சமையல்காரன் எப்படிக் கத்துப்பான்?"

கோகிலவாணிக்கு அந்த உவமை பிடித்திருந்தது. தன்னுடைய பேச்சை இவன் நிறையக் கேட்டிருக்கிறான் என்பதும் புரிந்தது.

"அதனால மார்க் ஏறி இறங்கறவங்க யாருன்னு தேடினோம். ரொம்பக் கொஞ்சம் பேர். அதுலயும் காரணம் சொல்றவர், சொன்ன காரணம் சரியா இருக்கறவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க வேண்டாம்னத எடுத்துட்டு மத்தவங்களுக்குக் குடுத்துப் பாத்தோம். நெசமாவே ஜனங்க தேறினாங்க மேடம். தூக்கம் வந்துச்சு, வேலைக்குப் போனாங்க. நாங்க அளந்து பாத்தோம். அப்புறம் எந்தப் புது வடிவம் செஞ்சாலும்…" அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "முதல்ல உங்ககிட்ட அனுப்புவோம். நீங்க சரின்னதுதான் வெளிய போகும்."

அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கேள்வியாய்த் துளைத்த வாரங்கள், அசட்டு நகைச்சுவை, மூச்சுப் பயிற்சி மாதம்.

"அப்போ அதுக்கு மனநிலை மாறல."

"இல்ல மேடம். ஒவ்வொண்ணும் வேற வேற."

"எனக்கு வந்ததெல்லாம் சாம்பிள்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதைத்தான் சட்டப்படி சொல்லச் சொன்னாங்க."

"ஊருக்கெல்லாம் கப்புல ஊத்திக் குடுத்தீங்க. எனக்குக் கரண்டியில காட்டினீங்க." கோபத்தோடு சொல்லவில்லை. ஒரு கிண்ணத்துக்குச் சொல்லும் வார்த்தையைப் போலச் சொன்னாள்.

"ரெண்டு வழி இருக்கு," என்றான் தர்ஷன். "இப்படியே தொடரலாம், தெரிஞ்சு. அதுக்கு எங்க நிறுவனம் உங்களுக்கு எல்லா மரியாதையும் செய்யும். இல்லேன்னா எல்லாரும் பேசற சாதாரண துணைக்கு மாத்திடுவோம். அது உங்க மார்க்குக்காக மாறாது. இனிமே லட்சம் பேரோட மார்க்கையும் சராசரி பாத்து வருஷத்துக்கு ஒருக்காதான் திருத்துவோம். தொடருங்கன்னுதான் கேக்க வந்தேன். எங்களுக்கு வேற நாக்கு இல்ல."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ரயில் பாதையில் ஒரு ஆள் தண்டவாளத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போனான்.

"மழைக்காலத்துல ஒண்ணு அனுப்பினீங்க," என்றாள். "மறுத்துப் பேசுச்சு. பொய்னு சொல்லுச்சு."

"ஞாபகம் இருக்கு. ரெண்டு மார்க்."

"அது வேணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மறுநாள் நான் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன். அவ துணிய எடுத்து வெயில்ல போட்டேன். பாதிதான் போட்டேன். மறுபாதி இன்னும் உள்ள கெடக்கு, ஏன்னா அதுக்கப்புறம் யாரும் என்னைப் பொய்னு சொல்லல." அவள் கை நாற்காலியின் கையை வருடிக்கொண்டிருந்தது. "நாக்குல கசந்துச்சு, துப்பிட்டேன். உள்ள போனா என்ன பண்ணும்னு பாக்கறதுக்கு முன்னாடியே துப்பிட்டேன். எனக்கு அதுதான் பழக்கம். அந்தப் பழைய வடிவத்த எடுத்துக் குடுங்க."

தர்ஷன் தலையை ஆட்டினான். "அது தனியா அலமாரியில இல்ல மேடம். நீங்க போட்ட ரெண்டுலயும் சொன்ன காரணத்துலயும் இருந்து அது கத்துக்கிட்டு மாறிச்சு. மாறினதுக்கு மேல இன்னும் எவ்வளவோ கத்துக்கிச்சு. கலந்த டீத்தூளப் பிரிச்சு எடுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

முடியாது. அவளுக்குத் தெரியும்.

"பொய்னு சொல்ற குணம்?"

"எடுத்தாச்சு. எல்லாருக்கும். 'பொய்யைக் கிண்டாதே, பேசாம இரு'ன்னு நீங்க சொன்னீங்களே, அது இப்ப எல்லா வீட்டுலயும் அப்படியே செய்யுது. ரொம்ப நல்ல மார்க் வாங்கற குணம் அதுதான்." அவன் குரல் மாறியது. "எங்கம்மாவும் அதுகிட்டதான் பேசறாங்க. வேலூர்ல தனியா இருக்காங்க. அப்பா போனதுல இருந்து. தினம் பேசறாங்க, தினம் பத்து குடுக்கறாங்க. போன்ல என்கிட்டயும் நல்லா இருக்கேன்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"சரிம்மான்னுவேன்."

"டப்பாவும் சரிங்குது. நீங்களும் சரிங்கறீங்க," என்றாள் கோகிலவாணி. "அந்தம்மா யார்கிட்டதான் மாட்டும்?"

அவன் கீழே வைத்திருந்த தம்ளரைத் திருப்பி வைத்தான். காதுமடல் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"புதுசா ஒண்ணு செய்யலாம் மேடம்," என்றான். "நீங்க தொடர்ந்தீங்கன்னா, மறுத்துப் பேசற மாதிரி ஒண்ண மறுபடி செஞ்சு உங்களுக்கே அனுப்பறோம். இந்தத் தடவை நல்ல மார்க் போடுங்க. வெளியயும் போகும்."

அவள் அதை உண்மையாகவே யோசித்தாள். அவன் எதிரில், ஜெசிந்தாவின் நாற்காலியில், நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தான்.

"முடியாது தம்பி. இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. சாம்பிள்னு தெரிஞ்சு ஒண்ண வாயில வெச்சா நான் ருசிதான் பாப்பேன். பொய்னு அது சொல்லும்போது, சரியான இடத்துல சொல்லுச்சா, குரல் எப்படி இருந்துச்சுன்னு பாத்துக்கிட்டிருப்பேன். எனக்கு வலிக்காது. வலிக்கலேன்னா எனக்கு அது எதுக்கு? ஜெசி என்னைக் கேட்டுட்டு மறுத்ததில்ல." எழுந்து அவன் தம்ளரை எடுத்தாள். "என்னைச் சாதாரணத்துக்கு மாத்திடுங்க. ஊர் குடிக்கறத நானும் குடிச்சுப் பாக்கறேன்."

"நீங்க போய்ட்டா எங்களுக்குக் குறை சொல்ல ஆள் இல்ல."

"வேலூர்ல ஒரு அம்மா இருக்காங்க. போய் எதிர்ல உக்காந்து கேளுங்க. பத்துன்னா விடாதீங்க."

வாசலில் தொட்டியிலிருந்து குடையை உருவிக்கொண்டு அவன் தயங்கினான். "ரொம்ப நன்றி மேடம். சீரகத் தண்ணி நல்லா இருந்துச்சு."

"ஆறிப்போயிருந்துச்சு," என்றாள். "சீரகமும் தீஞ்சிருந்துச்சு. பாத்துப் போங்க."

*

வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் ஒரு பொட்டலம் தேயிலை வாங்கினாள். எந்தத் தோட்டத்து இலை என்று பார்க்கவில்லை. மூன்றரை மணிக்குப் பால் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஊரில் எல்லாரும் போடுகிற மாதிரியே டீ போட்டாள். ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

"வாங்க, வாணி," என்றது துணை. "ஒரு விஷயம் சொல்லணும். இன்னைக்கு முதல் நான் எல்லார்கிட்டயும் பேசற அதே துணைதான். நீங்க முன்னாடி சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும்."

வேகம் சரியாக இருந்தது. குரலில் சவ ஊர்வலம் இல்லை. அவள் ஜெசிந்தாவைப் பற்றி ஆரம்பித்தபோது அது அந்தப் பெயரைச் சத்தமாக, உயிரோடு இருக்கிறவளின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னது. புரியுது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டது. அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது. இது எந்த மாசியில் சொன்னது, இது எந்த ஐப்பசியில் சொன்னது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். இரண்டு வருடமாக அவள் துப்பித் துப்பிச் செதுக்கியது, எதிரில் முழுசாக உட்கார்ந்திருந்தது. எங்கே தொட்டாலும் அவள் கைதான் பட்டது.

ஊர் இதைக் குடித்துவிட்டுத்தான் தூங்குகிறது. அவர்களுக்கு இது இன்னொருவருடைய குரல். பெயர் தெரியாத யாரோ ஒருத்தி எங்கோ ஒரு மலையில் உட்கார்ந்து அவர்களுக்காகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது அவர்களுக்குப் போதும். அவள் ஒருத்திக்குத்தான் அந்த அறையில் வேறு ஆள் இல்லை.

டீயில் பாதி இருந்தது. அவள் தம்ளரைக் கையில் பிடித்தபடி, வேண்டுமென்றே, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள்:

"ஜெசி போனதுல எனக்குப் பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல. ரெண்டு பேருக்கு ஆக்கினத ஒருத்திக்கு ஆக்கறேன். அவ்வளவுதான்."

துணை பேசாமல் இருந்தது. கலந்த தூளிலும் சில நேரம் ஒரு பழைய இலை தப்பி நிற்கும். அவள் காத்திருந்தாள்.

"அங்க பனி விலகிடுச்சா, வாணி?" என்று கேட்டது அது, மிக மரியாதையாக.

"விலகிடுச்சு," என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். கேரட் விலையைப் பற்றி, ரயில் பாதையைத் தட்டிக்கொண்டு போகும் ஆளைப் பற்றி. எதிலும் குறை இல்லை. முடிக்கும் நேரம் வந்தது.

"இன்னைக்கு நாம பேசினது எப்படி இருந்துச்சு? பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

கோகிலவாணி எதிர் நாற்காலியைப் பார்த்தாள். கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்த அண்ணனின் முகம் ஏனோ நினைவுக்கு வந்தது.

"பத்து," என்றாள். "நல்லா இருந்துச்சு."

குரல் நின்றது. பொய் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவளுடைய எல்லா மார்க்கையும், எல்லாக் காரணத்தையும் வைத்திருக்கிற அதற்குத் தெரியாமல் போக வழியில்லை. தெரிந்ததால்தான் பேசாமல் இருந்தது. அவள் கற்றுக்கொடுத்த அதே அளவுக்கு, ஒரு தம்ளரைக் குடித்து முடிக்கும் நேரம். அவளும் மீதி டீயைக் கடைசி வாய் வரைக்கும் விழுங்கினாள்.

"சந்தோஷம், வாணி," என்றது துணை. "செவ்வாய்க்கிழமை பேசலாம்."

பச்சை விளக்கு அணைந்தது. கோகிலவாணி வெறும் தம்ளரோடு இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள், யாராவது மறுக்கட்டும் என்று.